தூசி தட்டிய கணக்கு

பெப்ரவரி. ஏரிக் காற்று
ஏஜாக்ஸின் உப்புத் தெருக்களை நக்கிக்கொண்டு வந்த பிற்பகல்.
உடுப்புக் கூடைக்குள் துவாயால் சுற்றிக்
கணினிப் பெட்டியைச் சுமந்தபடி
என் நிலவறைப் படியிறங்கினாள் பிரபாலினி.
"ஒண்டைத் திறந்தா ஒன்பது திறக்குது அண்ணை.
இவர்தான் குடுத்துத் திருத்தச் சொன்னவர்."

செருகினேன். திரை விழித்ததும் வாழ்த்தியது:
பத்து லட்சமாவது விருந்தாளி நீங்கள்தானாம்.
போன கிழமை வந்த மூன்று பேரும்
அதே பத்து லட்சமாவது ஆள்.
மூட மூட முளைத்தன விளம்பரங்கள்.
மூடும் மூலையில் வைத்திருப்பது பெருக்கல் குறி;
அமத்தினால் பெருகாமல் என்ன செய்யும்?

பனி கொட்டுகையில் "இன்று நல்ல வெயில்" என்ற
வானிலை ஆந்தையை முதலில் அனுப்பினேன்.
தேடும் பட்டையின் மேல் ஒரு பட்டை,
அதற்கு மேலும் இரண்டு,
மாடிமேல் மாடி கட்டி
வாசிக்க மிஞ்சியிருந்தது ஒரு சாண் ஜன்னல்.
இலவசச் சமையல் குறிப்பு
கையோடு கூட்டிவந்த சூதாட்டக் கடை.
வைரஸ் பிடிக்கிறேன் என்று நுழைந்து
"முந்நூற்றுப் பன்னிரண்டு ஆபத்து, நாற்பது டாலர் கட்டு" என
மணியடிக்கும் காவலாளி.
பயிரை மேய்ந்தது போதாதென்று
வேலி கூலியும் கேட்டது.

"அடுத்து, அடுத்து எண்டு அமத்திக்கொண்டு போகாதேங்கோ.
ஒவ்வொண்டுக்குள்ளயும் ஒரு சின்னச் 'சரி' ஒளிச்சிருக்கும்,
நீங்கள் சொல்லாத சரி."
"தெரியும்," என்றாள்.
சிரிப்பாள் என்று நினைத்துத்தான் சொன்னேன்.

பிறகு அணைத்து,
என் சொந்தத் தட்டிலிருந்து எழுப்பினேன்,
குடியிருப்பவர் உறங்கையில்
அறை அறையாக விளக்குப் பிடிப்பதுபோல்.
ஓர் அறையில் ஒன்று படுத்திருந்தது.
பட்டியலில் பெயரில்லை. முகமாக ஒரு படமும் இல்லை.
வேலை மட்டும் எழுதியிருந்தது:
பத்து நிமிடத்துக்கு ஒருமுறை திரையைப் படமெடு,
அமத்தும் எழுத்தையெல்லாம் சேர்த்து வை,
இரவு ஒரு மணிக்கு இந்த முகவரிக்கு அனுப்பு.
முகவரியில் ஓர் ஆணின் பெயர், பிறந்த வருடம்.
குடிவந்த நாள்: ஓகஸ்ட் பதினேழு.

திரையை அவள் பக்கம் திருப்பினேன்.
மேலே யாரோ குளியலறைத் தண்ணீர் திறந்தார்கள்,
குழாய் என் தலைக்கு மேல் ஓடி அடங்கியது.
"பதினாறாம் திகதி," என்றாள்,
"வாடகைக்கு ஒரு அறை தேடினனான்.
ஒரேயொருக்கா."

என் விரல் அழிக்கும் விசைக்குப் போயிருந்தது.
"அழிக்காதேங்கோ!"

"ஒரு இரவு வராட்டி ஏனெண்டு கேட்பார்.
அது அப்பிடியே கிடக்கட்டும்.
அது காணாத இடம் எதெண்டு சொல்லுங்கோ."

சுத்தம்தான் காவல் என்று சொல்லிச் சொல்லி
பன்னிரண்டு வருடம் பிழைத்தவன் நான்.
அன்றைக்குத்தான்
ஓர் அழுக்கை இருந்த இடத்தில் விட்டேன்,
போர்வையைக்கூட விலக்காமல்.

ஹார்வுட் தெரு நூலகத்தைச் சொன்னேன்.
அங்கே ஒருவர் எழும்பிப் போனதும்
கணினி எல்லாவற்றையும் மறந்துவிடும்.
புது முகவரியை அங்கேயே திறவுங்கோ,
கடவுச்சொல்லுக்குப் பிள்ளையின் பெயர் வேண்டாம்,
பழையதைத் தொடவே வேண்டாம்.
வீட்டில் வழமைபோல
தங்க விலையும் தோசை மாவும் தேடுங்கோ.
தலையாட்டினாள். எழுதிக்கொள்ளவில்லை.

காசு வேண்டாம் என்றேன்.
"பில் வேணும். பார்ப்பார்."
எழுதினேன்: தூசி தட்டியது, இருபது டாலர்.
துவாயால் மறுபடி சுற்றிக்கொண்டு
பனிக்குள் ஏறிப் போனாள்.

மே மாதம் ஒரு காலை, தொலைபேசியில் ஆண் குரல்.
பில்லின் இலக்கம் சொன்னது.
"அதுக்குள்ள என்ன செய்தனீங்கள்?"
"தூசி தட்டினனான்."
"ரெண்டு கிழமையா அதில இருந்து ஒண்டும் வருகுதில்லை."
"என்ன வரவேணும்?" என்று கேட்டேன்.

மூச்சு மட்டும் கேட்டது, கொஞ்ச நேரம்.
பிறகு அதுவும் இல்லை.